ஊழித்தீயைக் குறைக்காமல் சரிசெய்வது எப்படி

ஜூலை 6, ஞாயிறு

இன்று மாலை பன்னிரண்டு கொள்ளையர்கள் செத்தார்கள். எங்களுக்கு வழிகாட்ட வந்த ஆடு மேய்ப்பவரும் சேர்ந்து செத்தார். அவர் ஓரமாகத்தான் நின்றிருந்தார். ஊழித்தீக்கு ஓரம் என்று எதுவும் கிடையாது.

மூன்று மணி நேர விளையாட்டில் நான் பகடை உருட்டியது ஒரே தடவை. அதுவும் மேஜைக்கு அடியில் விழுந்ததை எடுத்துக் கொடுக்கும்போது கை தவறி உருண்டது. நல்ல எண்தான் விழுந்தது. யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

புது நோட்டு என்பதால் யார் யார் என்று ஒருமுறை எழுதி வைக்கிறேன். அக்கா நடுவர். கதை சொல்பவள் அவள்தான். காட்டில் போகிறீர்கள், புதருக்குப் பின்னால் என்னவோ அசைகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள். நாங்கள் சொல்வோம். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். சாது என்று நாங்கள் கூப்பிடுபவள் வாள்வீராங்கனை. நிஜத்தில் அவள் கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்பாள். வாயாடி என்று கூப்பிடுபவள் திருடி. நான் மருத்துவச்சி. ஊழித்தீ மந்திரத்தை விடும் மந்திரக்காரி, அக்காவின் வகுப்புத் தோழி. அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தீக்குச்சி. உயரம், ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிய வரும் நாளில் நான் ஊரில் இருக்கக் கூடாது.

விளையாடுவது அவள் வீட்டில், மாடி அறையில். நாற்காலிகள் அவளுடையவை. மின்விசிறி அவளுடையது. பிஸ்கட் அவளுடையது.

பள்ளியில் மதிய இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்காலி இருக்கிறது. பழைய மருத்துவச்சி விலகியதால் கிடைத்த நாற்காலி. அது போய்விடக் கூடாது. வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் போய்விடக் கூடாது.

அக்கா கீழ்க்கட்டிலில் புரள்கிறாள். டார்ச்சை அணைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாட்டிக்கொண்டோம். பாதிதான், ஆனாலும் மாட்டிக்கொண்டோம்.

அம்மா சலவைக்கடை வைத்திருப்பவள். எந்தத் துணி கையில் வந்தாலும் முதலில் பையைத் துழாவுவாள். என் சீருடைப் பையிலிருந்து இருபது முகப் பகடையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“என்னடி இது, இத்தனை மூஞ்சி இருக்கு?”

அக்காதான் சொன்னாள், “கணக்குப் பாடத்துக்கும்மா. வடிவியல்.”

“எங்க காலத்துல வடிவியல் நோட்டுல இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு, அம்மா அதைக் கடையில் அறுந்த பொத்தான்கள் போட்டு வைக்கும் பாட்டிலில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து படிப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறோம். பகடை என்று தெரிந்தால் சூதாட்டம் என்று முடிவு கட்டிவிடுவாள் என்கிறாள் அக்கா.

ஜூலை 10, வியாழன்

பள்ளி விட்டு வரும்போது அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டாள். அப்போதே பயம் வந்தது.

“நீ கணக்குல கெட்டிதானே. ஊழித்தீ கொஞ்சம் அதிகமா இருக்குன்னு சாது வருத்தப்படறா. விதியை எடுத்து வெச்சுக்கிட்டு சரிபண்ணிக் குடு.”

“எவ்வளவு குறைக்கணும்க்கா?”

“குறைக்காத.”

“குறைக்காம எப்படிக்கா சரிபண்றது?”

“அது தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னது தீக்குச்சிக்குத் தெரிய வேணாம். நீயாத்தான் பண்ணின மாதிரி இருக்கட்டும்,” என்றாள்.

அதாவது, சரியாக வந்தால் நடுவரின் யோசனை. தப்பாகப் போனால் தங்கையின் திமிர்.

கணக்கு இதுதான். சாதுவின் வாள் ஒரு வெட்டுக்குச் சராசரி ஏழரைப் புள்ளி சேதம். ஊழித்தீக்குப் பத்துப் பகடை, சராசரி முப்பத்தைந்து. இதுவே பரவாயில்லை, ஆனால் அந்த முப்பத்தைந்து வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விழும். பன்னிரண்டு பேர் நின்றால் நானூற்று இருபது. சாது ஐம்பத்தாறு முறை வெட்ட வேண்டும். ஒரு வெட்டும் தவறாமல். நடுவில் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல்.

ஜூலை 13, ஞாயிறு

முதல் தீர்வு. தீயைத் தொடவில்லை. வாளை இரண்டு மடங்காக்கினேன்.

அக்கா அறிவித்ததும் சாதுவின் முகம் மலர்ந்தது. தீக்குச்சி பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவ வாள் ரெண்டு மடங்கு. என் தீ மட்டும் அப்படியே. நான் என்ன பாவம் பண்ணேன்?”

“உன்னோடது ஏற்கெனவே—” என்று ஆரம்பித்தாள் வாயாடி.

“நான் உன்னைக் கேட்டேனா? நான் நடுவரைக் கேக்குறேன்.”

நடுவர் யோசித்தாள். நடுவர் யோசிக்கிறாள் என்றால் தட்டைப் பார்க்கிறாள் என்று அர்த்தம். தீக்கு இன்னும் ஐந்து பகடை கிடைத்தது. அப்புறம் கொள்ளையர்கள் தும்மினால் சாகிறார்கள் என்று அவர்களுடைய உயிர்ப்புள்ளியை முப்பதிலிருந்து ஐம்பதாக்கினாள்.

முன்பு கொள்ளையன் சாக ஒரு தீ போதும், வாள் என்றால் நாலு வெட்டு. இப்போது ஒரு தீ போதும், வாள் என்றால் நாலு வெட்டு. கூட்டல்தான் நீளமாகியிருக்கிறது. பதினைந்து பகடையைத் தீக்குச்சி இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டுகிறாள், அரிசி களைவது போல. நாங்கள் குனிந்து பொறுக்குகிறோம்.

சாது எனக்கு நன்றி சொன்னாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 14, திங்கள்

அறிவியல் தேர்வுத்தாளின் ஓரத்தில் கொள்ளையனின் உயிரைக் கழித்துப் போட்டிருந்தது, தாளைக் கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாவது தீர்வு. தீ பிடிக்காத எதிரிகள். ஈரமான உடம்பு என்றால் சேதம் பாதிதான். ஒன்றிரண்டு பேர் போதும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு அளவு தெரியாது. காட்டில் வந்தவை நீர்நாய்ப் பூதங்கள். பாலத்தில் சேற்று மனிதர்கள். கடைசியில் வந்த கொள்ளையர்கள் சாதாரண மனிதர்கள்தான், ஆனால் அப்போதுதான் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்களாம்.

“எல்லாருமா?” என்று கேட்டாள் தீக்குச்சி.

“எல்லாரும்தான்.”

“துணியோடயா?”

வாயாடி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். தீக்குச்சி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். காரணம் சொல்லவில்லை. அரைமணி நேரம் வியர்த்து வழிய விளையாடினோம். அறையில் இருந்த நாங்களும் ஈரமானோம் என்பதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு சேற்று மனிதனின் வயிற்றிலிருந்து மந்திரக்காரிக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டால் ஈரத்திலும் தீ முழுசாக எரியும். மோதிரம் கிடைத்ததும் மின்விசிறி சுற்றியது.

ஜூலை 27, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தீக்குச்சி படியில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப அன்பாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

“பாப்பா, இதெல்லாம் உன் கணக்குதானே? உங்க அக்காவுக்குப் பத்துக்கு மேல கூட்டவே வராது.”

நான் செருப்பின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினேன்.

“பழைய மருத்துவச்சி ஏன் வர்றதில்லன்னு தெரியுமா?”

“படிப்பு இருக்குன்னு அக்கா சொன்னா.”

“படிப்பா!” என்று சிரித்தாள். “என் தீ அதிகம்னு சொன்னா. அடுத்த வாரம் வந்தப்ப நாற்காலி இல்ல. அறையில இடம் கம்மி பாரு. உனக்கு உன் நாற்காலி பிடிச்சிருக்குல்ல?”

பிடிச்சிருக்குன்னு சொன்னேன். சொல்லித் தொலைச்சேன். ஏன் சொன்னேன்? வேற என்ன சொல்றது?

இனிமேல் தீ பக்கமே போகப் போவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் சாகட்டும்.

ஜூலை 30, புதன்

போகப் போவதில்லை என்று எழுதினேன். ஆனால் கணக்கு போய்க்கொண்டே இருக்கிறது, நான் என்ன செய்ய?

இதுவரை நடந்த கதையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். ஆலைக்காரரின் மகளைக் கொள்ளையர்கள் கடத்திக் குகையில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். நாளை விடிவதற்குள் மீட்காவிட்டால் பலி கொடுத்துவிடுவார்கள். இப்படித்தான் அக்கா கதையை ஆரம்பித்தாள். குகைக்கு ஒரு ராத்திரி வழி.

கதையில் நாங்கள் கிளம்பிப் பத்தொன்பது நாளாகிறது.

ஏனென்றால் ஊழித்தீயை ஒரு நாளில் இரண்டு முறைதான் விட முடியும். தூங்கி எழுந்தால் மறுபடி இரண்டு. தீக்குச்சி காலையில் முதல் சண்டையில் ஒன்று விடுவாள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் விடுவாள். பிறகு “தூங்கலாம்” என்பாள். கதையில் அப்போது மணி ஒன்பதுகூட ஆகியிருக்காது. எல்லாரும் படுத்துவிடுவோம். மறுநாள் விடியும். இரண்டு தீ. தூக்கம். நாங்கள் வீரர்கள் இல்லை, ஊர் ஊராகப் போய்ப் படுக்கும் கூட்டம்.

நாங்கள் தூங்கும்போது உலகமும் நிற்கிறது. கொள்ளையர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆலைக்காரர் மகள் பத்தொன்பது நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் ‘நாளை விடியலுக்காக’ உட்கார்ந்திருக்கிறாள்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு நாளில் ஆறு ஏழு சண்டைகளாவது வரும் என்று வைத்துக்கொண்டுதான் அதை எழுதியிருக்கிறார்கள். ஏழு சண்டைக்கு இரண்டு தீ. அப்படிப் பார்த்தால் தீ அதிகமே இல்லை. மீதி ஐந்து சண்டைக்கு வாள் வேண்டும், திருடி வேண்டும், மருந்து வேண்டும். வாளுக்குத் தூக்கம் வேண்டாம். சாது நாள் முழுக்க வெட்டலாம். நாங்கள்தான் அவளுக்கு நாளையே கொடுக்கவில்லை.

அதிகமாக இருப்பது தீ இல்லை. தூக்கம்.

அந்தத் தூக்கம் யாரால் நடக்கிறது? காட்டு நடுவில் காலை ஒன்பது மணிக்கு நிம்மதியாகத் தூங்க ஒரே ஒரு வழிதான் உண்டு. மருத்துவச்சி போடும் காவல் வட்டம். வட்டத்துக்குள் எதுவும் வராது. அதற்குப் பகடைகூட வேண்டாம், “வட்டம் போட்டாச்சா?” என்று தீக்குச்சி கேட்பாள், “போட்டாச்சு” என்று நான் சொல்வேன். அந்த விளையாட்டில் என் வசனமே அது ஒன்றுதான்.

ஊழித்தீயின் பதினைந்து பகடையும் என் ‘போட்டாச்சு’ மேல் நின்றுகொண்டிருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டாம், நாங்கள் தூங்கும்போது எதிரிகள் விழித்திருந்தால் போதும் என்றேன். தீயைக் குறைக்காமல்தான் சரிசெய்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்கு. பாப்போம்.”

“எப்போ பாப்போம்?”

“அவ தூங்கலாம்னு சொல்லும்போது நான் கூடாதுன்னு எப்படிடி சொல்றது? அவ வீட்ல உக்காந்துக்கிட்டு? நாளைக்கே வராதீங்கன்னா எங்க போவோம்? நம்ம வீட்டுக்கா? அம்மாகிட்ட யார் சொல்றது, நீயா?”

நான் இல்லை. நிச்சயமாக நான் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் சண்டையில் இரண்டு தீ. ஐந்தே பேர், அவர்களுக்கு இரண்டு தீ. “தூங்கலாம்,” என்றாள் தீக்குச்சி. “வட்டம் போட்டாச்சா?”

போட்டாச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

“இல்ல,” என்றேன்.

“என்ன இல்ல?”

“போடல. விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகுது. நடக்கலாம்.”

தீக்குச்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா விதிப்புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகம் தலைகீழாக இருந்தது.

“நடுவரே, உங்க தங்கச்சிக்கு என்ன ஆச்சு?”

“வட்டம் போடுறதும் போடாததும் மருத்துவச்சியோட இஷ்டம்,” என்றாள் அக்கா, புத்தகத்துக்குள்ளேயே.

தீக்குச்சி எழுந்தாள். என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “எந்திரி. இது என் நாற்காலி.”

எழுந்தேன். பையை எடுத்தேன், அதன் வார் மேஜைக்காலில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க ஒரு யுகம் ஆயிற்று. அழவில்லை. படிக்கட்டு வரைக்கும் அழவில்லை.

படியில் பாதி இறங்கியபோது மேலே சாதுவின் குரல் கேட்டது. “மன்னிச்சிடு... நானும் கிளம்புறேன்... மன்னிச்சிடு.” பின்னாலேயே வாயாடி வந்தாள், வாய் நிறைய பிஸ்கட்டோடு. “கிடைச்ச வரைக்கும் எடுத்துட்டேன். திருடின்னா சும்மாவா?”

மூன்று பேரும் வாசலில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. “ஆளே இல்லாம என்ன நடுவர் வேலை,” என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்கா என்னோடு பேசவில்லை. பல் தேய்க்கும்போது மட்டும், “ஒரு வார்த்தை. போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செத்தா போயிருப்ப?” என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் வாயாடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாதுவும். இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். நீளப் பெஞ்சு, அதில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அம்மா வெளியே போயிருந்தாள். சலவைக்கடையின் பின்னறையில், கட்டித் தொங்கும் சட்டைகளுக்கு நடுவே, இஸ்திரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். நாற்காலி ஒன்றே ஒன்று. மற்றவர்கள் துணிமூட்டைமேல். பொத்தான் பாட்டிலிலிருந்து அக்கா இருபது முகப் பகடையை மீட்டாள்.

தீ இல்லை. எதிரிகள் மூன்றே பேர். எங்களை வெளுத்து வாங்கிவிட்டார்கள். சாது இரண்டு முறை விழுந்தாள். வாயாடியின் திருடி ஒரு கொள்ளையனின் பையில் கையை விட்ட இடத்தில் பிடிபட்டு உதை வாங்கினாள். என் பகடை ஓயவே இல்லை. பச்சிலை, கட்டு, தைலம், மறுபடி பச்சிலை. கடைசிக் கொள்ளையனைச் சாது வெட்டி வீழ்த்தியபோது மூன்று பேரும் கத்தியதில் சட்டைகள் ஆடின.

“தீ ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றாள் சாது. உடனே மன்னிப்புக் கேட்டாள். ஆனால் எல்லாரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அம்மா வந்துவிட்டாள்.

வாசலில் அப்படியே நின்று மேஜையைப் பார்த்தாள். பகடையை மறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“இதுதான் வடிவியலா?”

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பூதம், குகை, ஆலைக்காரர் மகள், எல்லாம்.

“காசு வெச்சு ஆடுறீங்களா?”

“இல்லம்மா.”

“அப்போ ஜெயிச்சா என்ன கிடைக்கும்?”

“ஜெயிக்கிறதெல்லாம் இல்ல ஆன்ட்டி,” என்றாள் வாயாடி. “எல்லாரும் சேர்ந்து கஷ்டப்படுவோம்.”

“அதுக்கு விளையாட்டு வேறயா?” என்றாள் அம்மா. “வெள்ளைச் சட்டைப் பக்கம் பேனாவைக் கொண்டு போகாதீங்க. மூட்டைமேல பாத்து உக்காருங்க, கசங்குதோ இல்லையோ, முடிச்சு அவிழுது.” உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான்.

இத்தனை நாள் இதற்காகவா அந்த மின்விசிறிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தோம்? அக்காவும் அதையேதான் யோசித்திருப்பாள். சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாயாடி கொண்டு வந்த செய்தி: தீக்குச்சி மாடி அறையில் தனியாக உட்கார்ந்து பதினைந்து பகடையையும் உருட்டிப் பார்க்கிறாளாம். அவள் தம்பி சொன்னானாம். “எழுபது வந்துச்சாம்டி ஒரு தடவை. எரிக்கத்தான் ஆள் இல்ல.”

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எழுபது விழுந்து பார்க்க யாரும் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கடைக் கதவைத் தட்டும் சத்தம். தீக்குச்சி. கையில் ஒரு துப்பட்டா.

“இதுக்கு இஸ்திரி போடணும்.”

“இன்னைக்கு லீவு,” என்றாள் அக்கா.

“தெரியும்.”

துப்பட்டாவில் ஒரு சுருக்கமும் இல்லை. எல்லாரும் அதையே பார்த்தோம். அவளும் அதைப் பார்த்தாள்.

“உள்ள வரியா?” என்று யாரோ கேட்டார்கள். என் குரல்தான். ஏன் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை. அவள் துணிமூட்டைமேல் உட்கார்ந்தாள். நாற்காலி கேட்கவில்லை.

அக்கா புது விதிகளைச் சொன்னாள். விதி என்றுகூடச் சொல்ல முடியாது. தீ அப்படியே இருக்கும், குறையாது. வாள் அப்படியே இருக்கும். தூங்க வேண்டுமென்றால் தூங்கலாம். ஆனால் உலகம் தூங்காது.

“குறைக்கலையா?” என்று மூன்று முறை கேட்டாள் தீக்குச்சி. “நிஜமாவே குறைக்கலையா?”

பழக்கம் எங்கே போகும்? முதல் சண்டையிலேயே இரண்டையும் விட்டாள். “தூங்க—” என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். நடந்தோம். மதியம் ஓநாய்கள். மந்திரக்காரி ஒரு கைத்தடியோடு நின்றாள். தடிக்குச் சேதம் இரண்டு. ஒரு ஓநாய்க்கு அது வலித்ததா என்பதே சந்தேகம். சாது முன்னால் போய் நின்றுகொண்டு, “மன்னிச்சிடு, கொஞ்சம் பின்னால போ,” என்றாள். அப்படியும் மந்திரக்காரி விழுந்தாள். நான்தான் தூக்கி நிறுத்தினேன். மூன்று புள்ளி உயிர்.

“மூணுதானா?” என்றாள் தீக்குச்சி.

“அவ்வளவுதான் விழுந்துச்சு.”

அவள் தாளில் கவனமாக மூன்று என்று எழுதினாள். அவள் உயிர்க் கட்டத்தில் எதையும் எழுதி நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குகைக்குப் போய்ச் சேர்ந்தோம். காலி. உலகம் தூங்குவதில்லை என்று ஆன பிறகு அக்கா பழைய கணக்கையும் திருத்திவிட்டாள். ஆலைக்காரர் மகள் எங்களுக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு எப்போதோ ஓடிவிட்டாளாம். இப்போது ஆலையை அவள்தான் நடத்துகிறாளாம். எங்களைப் பற்றிக் கேட்டால், “யாரு அவங்க?” என்கிறாளாம்.

தீக்குச்சி இன்று முழுநாளும் ஒரு தீயை விடாமல் வைத்திருந்தாள். ஒவ்வொரு சண்டையிலும் கை பகடைப் பக்கம் போகும், திரும்பும். கடைசியில் குகை வாசலில் இருபது பேர் சூழ்ந்தபோது, “இப்ப விடலாமா?” என்று கேட்டாள். எங்களைத்தான் கேட்டாள். “விடு!” என்று எல்லாரும் கத்தினோம். ஐம்பத்தொன்பது. அப்படி ஒரு தீயை நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தீக்குச்சி எனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டு வந்தாள். கிரீம் வைத்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நான் போனபோது அந்த ஒரே நாற்காலி காலியாக இருந்தது. மற்ற நால்வரும் மூட்டைமேல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “உக்காருடி, உனக்குத்தான்,” என்றாள் அக்கா. நடுவர் உட்கார வேண்டிய இடம் அது. உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று மலை உச்சியில் பெரிய சண்டை. காலையிலிருந்து ஆறாவது. தீ தீர்ந்துவிட்டது, வாள் வளைந்துவிட்டது. சாது விழுந்தாள். அவளைக் காக்கப் போன மந்திரக்காரியும் விழுந்தாள். என்னிடம் ஒரே ஒரு பச்சிலை மிச்சம். ஒருத்திக்குத்தான் போதும். அடுத்த சுற்றுக்குள் எழாதவள் எழவே மாட்டாள். புதிதாக ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டு முதலிலிருந்து வர வேண்டும்.

“அவளுக்கே குடு, நான்தான் வழியில நின்னேன், மன்னிச்சிடு,” என்றாள் சாது. சொல்லிவிட்டுத் தன் தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உன் இஷ்டம் பாப்பா. நல்லா யோசிச்சு சொல்லு,” என்றாள் தீக்குச்சி. குரல் தேனாக இருந்தது. கண் இமைக்கவில்லை.

வாயாடி அக்காவின் காதருகே குனிந்தாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். “நடுவரே, இந்த மருத்துவச்சி விதி கொஞ்சம் அதிகமா இல்ல?”

“பாத்துக்கலாம்,” என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. “இப்ப வேணாம்.”

பகடை என் கையில் இருந்தது. நாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

ஆனாலும் உடனே சொல்லவில்லை.